நோட்டு வீடு தேடி வந்தா கையெழுத்து போடணுமா? வாசகர் கேள்வி, வாத்தியார் பதில்

போன இதழ்ல ரெண்டே வரி தான் போட்டிருந்தோம், அரசுப் பள்ளியில பிள்ளையை சேத்துவிட்ட பெத்தவங்களுக்கு சட்டத்துல என்னென்ன உரிமை இருக்குன்னு சந்தேகம் இருந்தா எழுதுங்கன்னு. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துல இருந்தும் லெட்டர் வந்திருக்கு, ஒண்ணு ரேஷன் கடை பில்லுக்கு பின்னாடி எழுதி வந்திருக்கு. எல்லாத்துக்கும் இடம் பத்தாது, பொதுவா எல்லாருக்கும் ஆகறதை மட்டும் எடுத்திருக்கேன். எழுதினவங்க பேரு வேண்டாம்னு நானே எடுத்துட்டேன், ஊர்ல நாளைக்கு வம்பு வேண்டாம் பாருங்க.

எங்க ஊரு தொடக்கப் பள்ளியில என்னை மேலாண்மைக் குழு தலைவியா போட்டிருக்காங்க சார். கூட்டம்னு ஒரு தடவை தான் போனேன். மத்தபடி நான் தக்காளி பறிக்க போயிருக்கற காட்டுக்கே கூட்டத் தீர்மான நோட்டு வந்துடும், பையன் கிட்ட குடுத்து அனுப்புவாங்க, கையெழுத்து போட்டு குடுத்துடுவேன். இப்போ ஊர்ல ஒருத்தரு சுவருக்கு சுண்ணாம்பு அடிச்ச காசு எங்கேன்னு என்னை கேக்கறாரு. எனக்கு என்ன தெரியும்? (பாலக்கோடு பக்கத்துல இருந்து ஒரு அம்மா)

தக்காளி பறிச்ச கையோட போட்ட கையெழுத்துன்னா அந்த பக்கத்துல பச்சையும் கருப்புமா ஒரு கறை இருக்கும்மா, சோப்பு போட்டாலும் சீக்கிரத்துல போகாத கறை அது. அந்த கறை உங்களது, கையெழுத்தும் உங்களது, அதுக்கு மேல எழுதியிருக்கற தீர்மானம் மட்டும் யாரோடதோ. அதான் பிரச்சனை.

விஷயத்துக்கு வரேன். 2009ல கல்வி உரிமைச் சட்டம் வந்துச்சு, 2010 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறைக்கு வந்துச்சு. அதுல 21வது பிரிவு தான் உங்களை அந்த நாற்காலியில உக்கார வெச்சது. குழுவுல நாலுல மூணு பங்கு பெத்தவங்களோ பாதுகாவலரோ தான் இருக்கணும், மொத்தத்துல பாதி பேரு பொம்பளைங்களா இருக்கணும்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. நம்ம மாநிலத்துல 2022ல இதை தூசி தட்டி எல்லா அரசுப் பள்ளியிலயும் புதுசா அமைச்சாங்க, 2024ல முன்னாள் மாணவர்களையும் சேத்து 24 பேருன்னு ஆக்கினாங்க, தலைவர் பதவி பெத்தவங்களுக்கு தான், எச்.எம். கூட்டத்தை கூட்டறவரு. புரியுதா? வாத்தியாரு உங்களை கூப்பிட்டு உதவி கேக்கற குழு இல்ல இது, நீங்க வாத்தியார்கிட்ட கணக்கு கேக்கற குழு. பள்ளிக்கூடம் எப்படி நடக்குதுன்னு கண்காணிக்கறது, வளர்ச்சித் திட்டம் போடறது, அரசாங்கத்துகிட்ட இருந்தோ வேற எங்க இருந்தோ வந்த பணம் எப்படி செலவாச்சுன்னு பாக்கறது, இந்த மூணும் அந்த பிரிவுலயே பேரு சொல்லி குடுத்திருக்கற வேலை. மத்தியானச் சாப்பாட்டு தரம் பாக்கறதும் உங்க வேலை தான், 2015ல வந்த மதிய உணவு விதியில அது தனியாவே இருக்கு.

அதனால சுண்ணாம்பு காசு எங்கேன்னு ஊர்க்காரரு உங்களை கேட்டதுல தப்பில்ல, கேக்க வேண்டிய ஆளைத்தான் கேட்டிருக்காரு, நீங்க அதே கேள்வியை இன்னும் ஒரு படி மேல போய் பள்ளிக்கூடத்துல கேக்கணும் அவ்ளோதான். நேரா போங்க, நோட்டை கேளுங்க, நீங்க கையெழுத்து போட்ட எல்லா தீர்மானத்தையும் ஒருத்தரை விட்டு சத்தமா படிக்கச் சொல்லுங்க. பில்லு கேளுங்க. சண்டை போட வேண்டாம், நூத்துக்கு எண்பது எச்.எம். திருடன் கிடையாது, எமிஸ்ல, அதாவது கல்வித்துறையோட ஆன்லைன் பதிவுல, இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஏத்தணும்னு மேல இருந்து மெசேஜ் வந்திருக்கும், அந்த அவசரத்துல நோட்டு காட்டுக்கு ஓடும். ஆனா அவசரம் அவரோடது, மாட்டறது நீங்க. அடுத்த தடவை நோட்டு காட்டுக்கு வந்தா, "கூட்டத்துக்கு வரேன், அங்க போடறேன்"னு பையன்கிட்ட சொல்லி அனுப்பிடுங்க. கூலி போகுமேன்னு கேட்டா, ஆமா போகும், அரை நாள் கூலி போகும், இந்த சட்டம் எழுதினவங்க அதை யோசிக்கவே இல்லன்னு தான் நானும் சொல்வேன். அதுக்கு ஒரே வழி கூட்டத்தை காலையில பத்து மணிக்கு வைக்காம காட்டு வேலை முடிஞ்சு நீங்க வர்ற நேரத்துல வைக்கச் சொல்றது, தலைவி நீங்க, நேரத்தை நீங்க கேக்கலாம்.

நான் பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை. ரெண்டு வருஷம் குடும்பத்தோட அங்க இருந்துட்டு இப்போ ஊருக்கே வந்துட்டோம். பாப்பாவை நாலாவது சேக்க போனா, அந்த ஊரு டிசி இல்லாம முடியாது, ஆதார்லயும் பேரு தப்பா இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஜூன் மாசமே சேத்திருக்கணுமாம். (அரூர்)

தம்பி, நாளைக்கே பாப்பாவை கூட்டிட்டு திரும்ப போங்க. அதே கல்வி உரிமைச் சட்டத்துல 5வது பிரிவு, ஒரு மாநிலத்துல இருந்து இன்னொரு மாநிலத்துக்கு எந்த காரணத்துக்காக போனாலும் பிள்ளைக்கு பள்ளி மாற உரிமை உண்டு, டிசி வர லேட்டாகுதுன்னு சொல்லி சேத்துக்காம விடவோ தள்ளிப்போடவோ கூடாது. லேட் பண்ற பழைய பள்ளி எச்.எம். மேல தான் நடவடிக்கை எடுக்கணும்னு அதே பிரிவுல இருக்கு. 14வது பிரிவு, பிறந்த தேதிக்கு சர்டிபிகேட் இல்லன்னு மறுக்கக் கூடாது. 15, சேர்க்கை தேதி முடிஞ்சுபோச்சுன்னு மறுக்கக் கூடாது. 4, வயசுக்கு ஏத்த வகுப்புல உக்கார வெச்சு விட்டுப்போன பாடத்துக்கு தனிப் பயிற்சி குடுக்கணும், பாப்பாவுக்கு கன்னடம் வந்து தமிழ் மறந்துபோயிருந்தா இதை கண்டிப்பா கேளுங்க. ஆதார் விஷயம் 2018 செப்டம்பர்லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிட்டுது, ஸ்கூல் அட்மிஷனுக்கு கட்டாயம் இல்ல. பேரு திருத்தறதை பொறுமையா பண்ணிக்கலாம், படிப்பு அதுக்காக நிக்கக் கூடாது.

நம்ம ஜில்லாவுல பாதி ஊரு கட்டட வேலைக்கு பெங்களூரு போய் வர்ற ஊரு, இந்த சட்டத்தை எழுதினவங்க நம்ம பஸ் ஸ்டாண்டுல ஞாயித்துக்கிழமை ராத்திரி நின்னு பாத்துட்டு எழுதினாங்களோன்னு சில சமயம் எனக்கு தோணும். மறுபடியும் மறுத்தா எழுத்துல மறுக்கச் சொல்லுங்க. பேனாவை எடுக்கச் சொன்னதும் முக்கால்வாசி பேரு சேத்துப்பாங்க. அப்பவும் இல்லன்னா வட்டாரக் கல்வி அலுவலர் ஆபீஸ், இல்லாட்டி கல்வித்துறை உதவி எண் 14417க்கு போன்.

ஆறாவது படிக்கற பையனை சாரு ஸ்கேல்ல அடிச்சு கை வீங்கிடுச்சு. கேக்கப் போலாம்னா எங்கப்பா விட மாட்டேங்கறாரு, அடிச்சாத்தான் படிப்பான்னு. (காரிமங்கலம்)

அடிச்சா படிப்பு வராது, படிப்பு மேல பயம் தான் வரும், இதை வெளக்க ஒரு பக்கம் வேணும் விடுங்க. உங்க அப்பா காலத்துல பிள்ளையை சேக்க வர்றப்பவே "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்"னு சொல்லிட்டு போவாங்க, நானே காதால எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். இப்போ அப்படி பெத்தவங்களே எழுதிக்குடுத்தாலும் செல்லாதுங்க. 17வது பிரிவு உடம்புல அடிக்கறதையும் மனசை நோகடிக்கறதையும் சேத்து தடுக்குது, மீறினா பணி விதிப்படி நடவடிக்கை. மொதல்ல எச்.எம்.கிட்ட எழுதிக்குடுங்க, காப்பியில சீல் வாங்குங்க. 32வது பிரிவுல உள்ளாட்சி அமைப்புக்கு புகார் குடுத்தா மூணு மாசத்துல முடிவு சொல்லணும், திருப்தி இல்லன்னா மாநில குழந்தை உரிமை ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். அவசரம்னா குழந்தைங்க உதவி எண் 1098. கை வீக்கத்தை போட்டோ எடுத்து வெச்சீங்களா?

வீட்ல நாங்க தெலுங்கு பேசறோம், மூணு தலைமுறையா இங்க தான் இருக்கோம். பிள்ளைங்க தெலுங்குல படிக்கணும்னு கேக்க எங்களுக்கு உரிமை இருக்கா இல்லையா? ஒருத்தர் இருக்குங்கறாரு, ஒருத்தர் தமிழ்நாட்ல அதெல்லாம் கிடையாதுங்கறாரு. (தேன்கனிக்கோட்டை)

ரெண்டு பேரும் பாதி பாதி சரி. அரசியலமைப்புல 350ஏ-ன்னு ஒண்ணு இருக்கு, மொழிச் சிறுபான்மை பிள்ளைங்களுக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில கிடைக்கற வசதியை மாநிலம் செஞ்சு தர முயற்சி எடுக்கணும்னு, 1956ல சேத்தாங்க. கல்வி உரிமைச் சட்டத்துலயும் "முடிஞ்ச வரைக்கும்" தாய்மொழியில சொல்லிக்குடுக்கணும்னு இருக்கு. முடிஞ்ச வரைக்கும்ங்கற வார்த்தையை கவனிங்க, வக்கீலுங்க பொழைக்கறதே அதுல தான். ஓசூரு, தளி பக்கம் தெலுங்கு, கன்னடம், உருது படிச்சு வந்த பிள்ளைங்க ரொம்ப காலமா உண்டு, உங்களுக்கு தெரியாததா.

அதே சமயம் 2006ல தமிழ் கற்கும் சட்டம் வந்துச்சு. அந்த வருஷம் ஒண்ணாம் வகுப்புல ஆரம்பிச்சு வருஷத்துக்கு ஒரு வகுப்பா மேல ஏத்திட்டே வந்தாங்க, தமிழ் ஒரு பாடமா கட்டாயம். அந்த பிள்ளைங்க பத்தாவது வந்தப்போ தான் கேஸு கோர்ட்டுன்னு கெளம்பிச்சு, 2023 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் மொழிச் சிறுபான்மை மாணவர்களுக்கு அந்த வருஷ பத்தாவது தமிழ் பரீட்சையில இருந்து விலக்கு குடுத்துச்சு. ஆகவே தெலுங்கை கேக்கறது உங்க உரிமை, தமிழை வேண்டாம்னு சொல்றது தனி வழக்கு. என் சொந்த அபிப்ராயம் கேட்டீங்கன்னா, ரெண்டையும் படிக்க வைங்க, மார்க்கெட்டுல உங்க பிள்ளை மூணு பாஷையில பேரம் பேசுவான், வகுப்புல ரெண்டு பாஷை என்ன கஷ்டம். கேக்கறதா இருந்தா ஒத்தையா போகாம, அதே மொழி பேசற பெத்தவங்க எத்தனை பேரு, எந்தெந்த வகுப்புல பிள்ளைங்கன்னு லிஸ்ட் எடுத்துட்டு கையெழுத்தோட மாவட்டக் கல்வி அலுவலகத்துல குடுங்க.

மகள் ஃப்ளோரிடால இருக்கா. அங்க பெத்தவங்க உரிமைன்னு சட்டமெல்லாம் போட்டு தேர்தலே அதை வெச்சு நடக்குதுங்கறா. அப்படி என்ன உரிமை, நம்மகிட்ட இல்லாதது? (ஓசூர், ஓய்வு பெற்ற மில் ஊழியர்)

நல்ல கேள்வி ஐயா, நானும் இதை கொஞ்சம் படிச்சிருக்கேன். ஃப்ளோரிடா சட்டம் 2022 மார்ச் 28ல கவர்னர் டிசான்டிஸ் கையெழுத்து போட்டது, பேரே கல்வியில பெற்றோர் உரிமைச் சட்டம். பிள்ளையோட மனசு உடம்பு சம்பந்தமான விஷயத்தை பள்ளி பெத்தவங்ககிட்ட மறைக்கக் கூடாதுங்கறது ஒரு பக்கம், அப்போ மூணாவது வகுப்பு வரைக்கும் பாலின அடையாளம், பாலின ஈர்ப்பு பத்தி வகுப்புல சொல்லிக்குடுக்கக் கூடாதுங்கறது இன்னொரு பக்கம். சண்டை எல்லாம் ரெண்டாவது பக்கத்துல தான். அடுத்த வருஷம் அமெரிக்க நாடாளுமன்ற கீழ்ச்சபையில நாடு முழுக்க ஒரு பெற்றோர் உரிமை மசோதா, 2023 மார்ச் 24ல 213க்கு 208னு நூலிழையில பாஸாச்சு, ஆனா செனட்டுல எடுக்கவே இல்ல, சட்டமாகல. என்ன பாடம் நடத்தறீங்கன்னு தெரியணும், லைப்ரரில என்ன புக்கு இருக்குன்னு தெரியணும், பட்ஜெட்டை பாக்கணும், வாத்தியாரை பாத்து பேசணும், இதெல்லாம் தான் அதுல கேட்டது.

இப்போ பாலக்கோடு அம்மாவோட கேள்விக்கு திரும்ப போய் பாருங்க. பள்ளிக்கு வந்த பணத்தை பாக்கறது, வாத்தியார் பெத்தவங்களோட தவறாம கூட்டம் போட்டு பிள்ளையோட வருகையும் படிப்பும் எப்படின்னு சொல்றது, அது கல்வி உரிமைச் சட்டத்துல 24வது பிரிவு, இதெல்லாம் நமக்கு 2010லயே வந்துடுச்சு. அவங்க வாங்கறதுக்கு அடிச்சிக்கறாங்க, நாம வாங்கினதை பரண் மேல போட்டு வெச்சிருக்கோம். ஒண்ணுல அவங்க நம்மள விட முன்னாடி தான், 1974லயே அங்க ஒரு சட்டம் இருக்கு, பிள்ளையோட பள்ளி ரெக்கார்டை பெத்தவங்க கேட்டா 45 நாளுக்குள்ள காட்டணும். இங்க அதுக்கு ஆர்டிஐ போடணும், 10 ரூபாய், 30 நாள். அங்க ஸ்கூலு காட்டணும், இங்க நாம கேக்கணும்.

பாலின விஷயத்துல யாரு சரி யாரு தப்புன்னு என்னை இழுக்காதீங்க, ஒண்ணு மட்டும் சொல்வேன், பெத்தவங்க உரிமைங்கற பேர்ல யாரோ ஒரு பிள்ளை வகுப்புல கூனிக்குறுகி உக்காரற மாதிரி ஆகுதான்னு பாக்கணும். வாத்தியார் வேலை பாத்தவனுக்கு அந்த பிள்ளை எந்த பெஞ்சுல உக்காந்திருக்கும்னு தெரியும்.

பையன் படிக்கறது அரசு உதவி பெறும் பள்ளி. அங்க வாரத்துல ஒரு நாள் அவங்க மதப் பாடம். நாங்க வேற சாமி கும்புடறவங்க. வேண்டாம்னு சொன்னா டிசி குடுத்துடுவாங்களோன்னு பயம். (கிருஷ்ணகிரி)

28வது பிரிவு, கல்வி உரிமைச் சட்டம் இல்ல, அரசியலமைப்பே. அரசு முழுசா காசு குடுத்து நடத்தற பள்ளியில மதப் போதனையே கூடாது. உதவி பெறற பள்ளியிலயோ அங்கீகாரம் வாங்கின பள்ளியிலயோ நடத்தலாம், ஆனா மைனர் பிள்ளையா இருந்தா பெத்தவங்க சம்மதம் இல்லாம கட்டாயப்படுத்த முடியாது. மேல சொன்ன அமெரிக்காவுல, மேரிலாந்துல ஒரு கவுண்டி பள்ளிங்கள்ல சில கதைப் புத்தகம் எங்க மத நம்பிக்கைக்கு ஒத்து வரலன்னு முஸ்லிம், கிறிஸ்தவ பெத்தவங்க சேந்து கேஸு போட்டு, 2025 ஜூன் 27ல சுப்ரீம் கோர்ட்ல 6க்கு 3னு ஜெயிச்சு தான் அந்த பாடத்தப்போ பிள்ளையை வெளிய அனுப்ப வழி வாங்கினாங்க. மதப் போதனை மட்டும்னு எடுத்துக்கிட்டா நமக்கு அது 1950லயே எழுதி வெச்சாச்சு. ஒரு வெள்ளைத் தாள்ல "என் மகன் மத வகுப்புல கலந்துக்க எனக்கு சம்மதம் இல்ல, அந்த நேரம் லைப்ரரில உக்கார வைங்க"ன்னு எழுதிக்குடுங்க, போதும். அதுக்காக டிசி குடுக்க அவங்களுக்கு வழி கிடையாது. நல்ல மாதிரியா பேசுங்க, அந்த பள்ளி நம்ம தாத்தாவுக்கு எழுத்தறிவு குடுத்த பள்ளியாவும் இருக்கும்.

தனியார் ஸ்கூல்ல ரசீது இல்லாம ஃபீஸ் கேக்கறாங்க. (பர்கூர்)

2009 கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கு, ஓய்வு பெற்ற ஐகோர்ட் நீதிபதி தலைமையில கமிட்டி ஒவ்வொரு பள்ளிக்கும் ஃபீஸ் நிர்ணயம் பண்ணுது. அதுக்கு மேல வாங்கினா புகார் குடுக்கலாம். ரசீது இல்லாம ஒரு ரூபா குடுக்காதீங்க, அப்பறம் எதை வெச்சு கேப்பீங்க.

எட்டாவது முடிச்சாச்சு, பொண்ணை நிறுத்தி வீட்ல வெச்சுக்கறது எங்க இஷ்டம் தானே? டீச்சர் வீட்டுக்கே வந்து உயிரை எடுக்கறாங்க. பெத்தவங்களுக்கு உரிமை இல்லையா? (பென்னாகரம் தாண்டி ஒரு ஊரு)

இந்த லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். சட்டப்படி பாத்தா 6ல இருந்து 14 வயசு வரைக்கும் பிள்ளையை பள்ளிக்கு அனுப்பறது பெத்தவங்க கடமை, கல்வி உரிமைச் சட்டத்துல 10வது பிரிவு. உரிமைன்னு நீங்க எழுதினதை சட்டம் கடமைன்னு எழுதி வெச்சிருக்கு. 14க்கு மேல அந்த சட்டம் நிக்குது, அது உண்மை தான், ஆனா பொண்ணை நிறுத்தறது எதுக்குன்னு லெட்டர்ல நீங்க எழுதல, நான் யூகிக்கறது சரின்னா, 18 வயசுக்கு முன்னாடி கல்யாணம் பண்ணினா 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பண்ணிவெச்ச பெரியவங்க மேல கேஸு, சிறை வரைக்கும் போகும். நம்ம பக்கத்துல இது அடிக்கடி நடக்குது, அதான் அந்த டீச்சர் வராங்க. அவங்க சம்பளம் நீங்க வாசல்ல நிக்க வெச்சாலும் வரும், வராம போனாலும் வரும், அப்படியும் சாயங்காலம் அந்த மேடு ஏறி வர்றாங்கன்னா ஒரு சொம்பு தண்ணி குடுங்க. ஆறாவதுல இருந்து பன்னண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு காலேஜ் சேந்தா மாசம் 1000 ரூபாய், புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சது. காசுக்காக இல்லாட்டியும் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, லெட்டர்ல அவ என்ன சொன்னாங்கறது ஒரு வரி கூட இல்ல.

எல்லாருக்கும் சட்டம் சொல்றீங்களே வாத்தியாரே, நீங்க எச்.எம்.மா இருந்தப்போ ஒழுங்கா கூட்டம் போட்டீங்களா? (பேரு வேண்டாம், உங்ககிட்ட படிச்சவன்)

இல்ல. நானும் நோட்டை வீட்டுக்கு அனுப்பினவன் தான். மழைக்காலம், மாங்கா சீசன், புளி உலுக்கற சீசன், எதாவது ஒரு சாக்கு. ஒரு தடவை மட்டும் மாட்டினேன். குழுவுல ஒரு பாட்டி, பேரனுக்கு பாதுகாவலர், மகனும் மருமகளும் பெங்களூரு வேலைக்கு போயிட்டாங்க. நோட்டை கொண்டுபோன பையன் திரும்பி வந்து, "சார், பாட்டி கைநாட்டு வைக்காதாம், நீங்க வந்து படிச்சு காட்டணுமாம்"னான். எனக்கு கோவம், சைக்கிளை எடுத்துட்டு போனேன். திண்ணையில உக்காந்து களி கிண்டற துடுப்பை கழுவிட்டு இருந்துச்சு, படி சாமின்னுச்சு. படிச்சேன். ரெண்டு ஃபேன் ரிப்பேர் பாத்தாச்சுன்னு ஒரு வரி வந்துச்சு. "ஒண்ணு தானே சுத்துது, என் பேரன் சுத்தாத ஃபேனுக்கு கீழ தான் உக்காந்திருக்கான்"னுச்சு. அது நான் ரிப்பேர்காரன் நாளைக்கு வருவான்னு நம்பி முன்கூட்டியே எழுதினது. அங்கயே அந்த வரியை அடிச்சு ஒரு ஃபேன்னு திருத்தி சுருக்கொப்பம் போட்டேன், அப்பறம் தான் பெருவிரலை நீட்டுச்சு, சாம்பலும் மையும் கலந்த ரேகை. அடுத்த வருஷம் ஆடிட்டுக்கு வந்தவரு அந்த அடித்தலை காட்டி ஏன் சார் இதுன்னு கேட்டாரு, ஒரு பாட்டி படிக்கச் சொன்னாங்கன்னேன். அவரு நம்பவே இல்ல.